நாற்பத்தாறாவது அக்கா

"அது நீ இல்லக்கா, நான் சொல்றத முதல்ல கேளு..."

"நான் இல்லன்னா அந்த மூஞ்சி யாரோடது, எதிர்வீட்டுக்காரியோடதா..."

"மூஞ்சி மட்டும்தான் உன்னோடது. மத்ததெல்லாம்..."

"அந்த மத்ததெல்லாம் எங்கேருந்து வந்துச்சு? அதத்தான்டா கேக்குறேன்."

ஒருவர் பேச்சின் வாலை மற்றவர் மிதித்துக்கொண்டு, அக்காவும் தம்பியும் அரை மணி நேரமாக இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் வைத்த தேநீர் பொங்கி மேடையில் ஓடி, விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. கேஸை மட்டும் அவள் கை பழக்கத்தில் அணைத்தது. துடைக்க இருவருக்கும் தோன்றவில்லை.

அக்கா வீட்டுச் சமையலறை மேசையின் நடுவில் தம்பியின் போன் மல்லாந்து கிடந்தது. அதில் ஒரு பெண் நின்றாள். அவளுக்குப் பின்னால் இடிந்த பாலம், பெருவெள்ளம், புகை. இடது புருவத்தை இரண்டாக வெட்டிய தழும்பு, கொஞ்சம் அகன்ற மூக்கு, ஏதோ சொல்லவந்து நிறுத்தியது போன்ற வாய், எல்லாம் அச்சாக அக்காவேதான். கழுத்துக்குக் கீழேதான் வேறு ஒருத்தி தொடங்கினாள். ஒரு கையால் வளைத்துப் பிடித்துவிடலாம் போன்ற இடுப்பு. இரண்டு பட்டையும் ஒரு வாரும் சேர்ந்தால் உடுப்பு என்று யாரோ முடிவு செய்திருந்தார்கள். மார்பு மட்டும் வெள்ளத்துக்கும் புகைக்கும் முன்னால் வந்து நின்றது.

அக்கா ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவள். பதினெட்டு வருஷமாக அதுதான் வேலை. நாற்பத்து மூன்று வயது. தம்பி அவளைவிட ஒன்பது வயது இளையவன், வீடியோ கேம் செய்கிற கம்பெனி ஒன்றில் உருவம் செய்கிறவன். கம்ப்யூட்டருக்குள் எலும்பு வைத்து, தோல் போர்த்தி, துணி மாட்டி, ஓட வைத்துக் குதிக்க வைப்பது அவன் பிழைப்பு. அக்கா அதைப் பொம்மை வேலை என்பாள். ஆனால் வண்டியில் கூட வருகிறவர்களிடம் "எங்க வீட்ல ஒருத்தன் படைப்புத் தொழில்ல இருக்கான்" என்று கொஞ்சம் நிமிர்ந்து சொல்லிக்கொள்வாள்.

"இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு இவ ஸ்ட்ரெச்சர் தூக்கினா நடுவுல படக்குன்னு ஒடஞ்சிருவா. அப்புறம் இவளத் தூக்க இன்னொரு வண்டி வரணும். பூட்ஸுக்குக் குதிகால் வேற. வெள்ளத்துல எவடா குதிகால் போட்டுட்டுப் போவா?"

தம்பிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயசிலிருந்து அவள் திட்டும்போதெல்லாம் வருகிற சிரிப்பு. அவளும் கூடவே சிரித்து, திட்டு அங்கேயே முடிந்துபோகும். இன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. அவன் முகம் சுண்டிப்போனது.

இதெல்லாம் தொடங்கியது மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே சமையலறையில்தான். புது கேம் ஒன்று செய்யப்போகிறோம், ஊரே வெள்ளத்தில் முழுகிவிடுகிறது, அதில் ஆட்களை இழுத்துக் கரைசேர்க்கிற பெண் ஒருத்தி வருகிறாள், அவள் உன்னைப் போல இருக்க வேண்டும் என்று வந்து நின்றான். அக்காவுக்கு வெட்கமும் பெருமையுமாக இருந்தது. அவளை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, போனைக் கையில் பிடித்து, தலையைச் சுற்றிச் சுற்றி வந்து முகத்தைப் படம் பிடித்தான். ஒரு சுற்று முடிவதற்குள் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். "சிரிக்காத, மூஞ்சி கலையுது" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்குவான். வேலைக்குப் போட்டுப்போகிற கனமான ஜாக்கெட்டைக் கதவில் மாட்டி, அதன் பதினாலு பையையும் ஒவ்வொன்றாகத் திறந்து படம் எடுத்தான். கையுறை, கத்தரிக்கோல், டார்ச், அழுகிற குழந்தைகளுக்கென்று அவள் வைத்திருக்கும் மிட்டாய், எதையும் விடவில்லை. மாடி வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அவளை நடக்கச் சொன்னான். வருஷக்கணக்காக ஸ்ட்ரெச்சர் தூக்கி அவளுடைய வலது தோள் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அவளுக்கே அன்றுவரை அது தெரியாது. அவன்தான் கண்டு சொன்னான்.

அதற்குப் பிறகு அவள் கேட்டபோதெல்லாம், நடக்குது, நடக்குது என்றான். கேட்காதபோது அவனாகவே பேச்சை மாற்றினான்.

நேற்று முன்தினம்தான் வெடித்தது. பைக்கிலிருந்து விழுந்த ஒருவனை ஏற்றப் போனார்கள். இருபத்தைந்து வயதிருக்கும், முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து கிடந்தான். அவள் குனிந்து ஸ்ட்ரெச்சரின் தலைமாட்டைப் பிடித்தபோது அவன் கண்ணைத் திறந்து அவள் முகத்தையே பார்த்தான். வலியிலும் வாய் மலர்ந்தது.

"அக்கா" என்றான்.

அந்தத் தெருவில், தமிழே காதில் விழாத அந்த ஊரில், அந்தச் சொல்லை அவள் எதிர்பார்க்கவில்லை. நெஞ்சு நிறைந்துபோயிற்று. நம்ம பிள்ளையா என்று நினைத்தாள். இன்னும் குனிந்து, "சொல்லுப்பா, ரொம்ப வலிக்குதா" என்றாள்.

அவனுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. அவன் வேறு பாஷைக்காரன். கூட வேலை செய்கிற நெட்டையனிடம் தன் பாஷையில், இது அக்கா, கேமில் வருகிற அக்கா, திங்கட்கிழமை வெளியாகப்போகிறது, நான் முன்பணம் கட்டிவிட்டேன் என்றான். பிறகு அவளிடம், ஏன் இவ்வளவு துணி போட்டிருக்கிறாய் என்று கேட்டான். வண்டிக்குள் ஏற்றியதும் போனைத் தடவி எடுத்துக் காட்டினான். நெட்டையன் பார்த்தான், அவளைப் பார்த்தான், பிறகு ரத்த அழுத்தம் பார்க்கிற பட்டையை அவன் கையில் சுற்றுவதிலேயே மும்முரமாகிவிட்டான். அன்றைக்குப் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக அவள் ஆஸ்பத்திரிக்குப் போகும் திருப்பத்தை விட்டுவிட்டாள்.

மறுநாள் டிப்போவில் ஓய்வறைக்குள் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. யாரும் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஒருவன் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தான். அதுதான் அவளால் தாங்க முடியாமல் போனது.

"அந்தப் பையன் அக்கான்னு கூப்பிட்டான்டா" என்றாள் இப்போது, குரலை இறக்கி. "அது அவளோட பேராமே. உடம்பத்தான் மாத்தின, அந்தச் சொல்லையும் ஏன் அவளுக்குக் குடுத்த?"

தம்பி மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினான். மென்று முழுங்கி, துண்டு துண்டாகத்தான் விஷயம் வெளியே வந்தது. முதல் நாள் ஃபைலைச் சேமிக்கும்போது ஏதாவது ஒரு பெயர் வைக்கவேண்டியிருந்தது. கை தானாக அக்கா என்று அடித்துவிட்டது. அப்புறம் அலுவலகம் முழுக்க அதையே பிடித்துக்கொண்டார்கள். பணம் போடுகிற கம்பெனிக்காரர்களுக்கும் அது பிடித்துவிட்டது. எந்த நாட்டுக்காரன் வாயிலும் சுலபமாக வருகிறது என்றார்கள். ஒரு கூட்டத்தில் அவனைத் திருப்பிக் கேட்டார்கள், இதற்கு அர்த்தம் ஏதாவது உண்டா என்று.

"என்ன சொன்ன?"

"அன்னிக்கு சுவர்ல பெருசா அந்தப் படம் ஓடிட்டிருந்துச்சுக்கா. அந்த உடம்போட. அந்தப் படத்தப் பாத்துக்கிட்டு, இதுக்கு எங்க பாஷைல கூடப் பொறந்தவன்னு அர்த்தம்னு எப்படிச் சொல்றது?"

"என்ன சொன்னன்னு கேட்டேன்."

"ஒண்ணுமில்ல, சும்மா ஒரு பேருன்னு சொன்னேன்."

அக்கா எழுந்து துணியை எடுத்து, தரையில் சிந்திய தேநீரைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

மாற்ற முடியாதா என்று கேட்டதற்கு, முடியும் என்றான். அதுதான் ஆச்சரியம். அவனே தன் சொந்த நேரத்தில் இன்னொரு முகம் செய்து வைத்திருந்தான். யாருடைய சாயலும் இல்லாத முகம். வெளியாகிற நாளில் எல்லாருக்கும் போகிற திருத்தத்தில் அதைச் சேர்த்துவிடலாம், அரைநாள் வேலை. ஆனால் குழுத் தலைவி ஒப்புதல் கொடுக்க வேண்டும். அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு படிவம் உண்டு, அதில் இந்த முகம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி உண்டு. உயிரோடு இருக்கிற ஆளுடையது என்றால் அந்த ஆளிடம் கடைசி உருவத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதற்குள் உருவம் இப்படி ஆகிவிட்டிருந்தது. அக்காவிடம் கொண்டுபோய்க் காட்ட அவனுக்குக் கை வரவில்லை. அந்தக் கேள்விக்கு நேரே கற்பனை என்று எழுதிவிட்டான்.

"இப்ப உண்மையச் சொன்னா?"

"பொய்யா எழுதினதுக்கு வேலைய விட்டுத் தூக்கலாம். தூக்காமலும் விடலாம். அவங்க நல்லவங்கதான்." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "இன்னிக்கே சொல்லிடறேன்க்கா. சத்தியமா. நீயும் கூட வா. நீ பக்கத்துல நின்னா சொல்லிடுவேன்."

முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கும், பல் பிடுங்கப்போனதற்கும், இந்த வேலைக்கான நேர்முகத்துக்கும் அவன் சொன்ன அதே வாக்கியம். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கம்பெனி நாலாவது மாடியில் இருந்தது. லிஃப்ட் திறந்ததும் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் அட்டையில் வெட்டிய உருவம் ஆளுயரத்துக்கு நின்றது. ஆளுயரம் என்றால் அக்காவைவிட ஒரு சாண் கூட. வரவேற்புப் பெண் பதிவேட்டை நீட்டினாள், நிமிர்ந்தாள், அட்டையைப் பார்த்தாள், திரும்ப இவளைப் பார்த்தாள். அக்கா பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தன் கைப்பையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எதற்கு அப்படிச் செய்தோம் என்று அவளுக்கே பிறகுதான் புரிந்தது. அப்படிச் செய்கிற வயசைத் தாண்டி எத்தனையோ வருஷமாயிற்று.

உள்ளே திரைச்சீலை இறக்கிய நீள அறை. திங்கட்கிழமை வெளியீடு என்பதால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை போலிருந்தது. நாற்காலி முதுகுகளில் போர்வை தொங்கியது. குழுத் தலைவி கூட்டத்தில் இருந்தாள், அரை மணியில் வருவாள் என்றார்கள். தம்பி தன் இடத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு அக்காவை உட்காரவைத்தான். இரண்டு பெரிய திரைகள். ஒன்றில் ஃபைல்கள் வரிசையாக இருந்தன. அக்கா 01, அக்கா 02, அக்கா 03. கீழே போகப்போக எண் ஏறி, நாற்பத்தாறில் நின்றது.

"ஒவ்வொண்ணா தொற" என்றாள்.

"வேண்டாம்க்கா."

"அவங்க வர்ற வரைக்கும் வேற என்ன பண்ணப்போற. தொற."

முதலாவதைத் திறந்தான். திரையில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கனமான ஜாக்கெட், பதினாலு பை. இறங்கிய வலது தோள். பெல்ட்டுக்கு மேலே கொஞ்சம் பிதுங்கிய வயிறு. இடது பூட்ஸ் கயிறு நடையில் அவிழ்ந்துபோகும் என்று அதை மட்டும் இரட்டை முடிச்சுப் போடுவாள். அந்த முடிச்சும் இருந்தது. தம்பி எதையோ அழுத்த, உருவம் நடந்தது. நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிவிட்டு இறங்குகிறபோது முதல் நாலு அடிக்கு அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதுவும் இருந்தது.

"தொப்பையக் கூட விட்டுவைக்கலையா நீ" என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்தது. அவளோடு எட்டு வருஷம் குடித்தனம் நடத்திவிட்டுப் போனவன் கூட அவளை இவ்வளவு கூர்ந்து பார்த்ததில்லை. தன்னை ஒருத்தன் இப்படிப் பார்த்திருக்கிறான், அதை இத்தனை நாள் தான் அறியாமல் இருந்துவிட்டோம் என்று தோன்றியது. அந்தப் படத்தோடு எழுந்து போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அடுத்தது."

ஆறாவதில் தோள் நேராகிவிட்டது. எப்படி என்று கேட்டாள். உடம்பின் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு மிரர் என்ற பொத்தானை அழுத்தினால் மற்ற பாதியை அதுவே கண்ணாடி போலச் செய்துவிடும் என்றான். எல்லா உருவமும் அப்படித்தான் செய்வது, அவளுடையதை மட்டும்தான் முதலில் அப்படிச் செய்யாமல் வைத்திருந்தான். இடது பாதியை வைத்துக்கொண்டு, ஸ்ட்ரெச்சர் தூக்கிய பாதியை அழித்துவிட்டான்.

ஒவ்வொரு படத்துக்கும் ஓரத்தில் மஞ்சள் கட்டத்தில் மேலிடத்துக் குறிப்புகள் இருந்தன. ஆபீஸ் பாஷையில்தான் எழுதியிருந்தார்கள், அவளுக்கும் அந்தப் பாஷை தெரியும். நடுவில் அந்த ஒரு சொல் மட்டும் வீட்டுச் சொல்லாக நின்றது. அக்காவின் இடுப்பை இன்னும் பத்து சதவீதம் குறைக்கவும். அக்காவின் ஜாக்கெட்டைத் திறந்துவிடவும். அக்காவைப் பார்த்தால் ஆசை வரவில்லை. அக்காவின் முகத்தைத் தொட வேண்டாம், முகத்தில் உயிர் இருக்கிறது.

தம்பி வேகவேகமாகத் தள்ளப் பார்த்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தி, எழுத்துக்கூட்டுவது போல மெதுவாகப் படித்தாள். பைகள் பதினாலு, ஒன்பதாகி, நாலாயின. இருபத்து மூன்றாவதில் தம்பி எழுதிய பதில் ஒன்று இருந்தது. மீட்புப் பணி செய்கிற பெண் இப்படி உடுத்த மாட்டாள் என்று என் தாழ்மையான கருத்து. அதற்குக் கீழே ஒரே வரி: நல்ல கருத்து, ஆனாலும் செய்யவும். இருபத்து நாலாவது அதே நாள் சாயங்காலம் சேமிக்கப்பட்டிருந்தது. செய்திருந்தான்.

முப்பத்தொன்றில் ஜாக்கெட்டே இல்லை.

"இது யார் பண்ணது?"

"நான்தான்."

முப்பத்தெட்டில் நடை மாறியது. இடுப்பை ஒடித்து ஒடித்து, தண்ணீருக்குள் யாரையோ மயக்கப்போகிறவள் போல.

"இது?"

"எல்லாமே நான்தான்க்கா. உருவம் பூரா என் பொறுப்பு." அவன் அவள் பக்கம் திரும்பாமல் திரையைப் பார்த்துப் பேசினான். "நான் மாட்டேன்னா பக்கத்து சீட்டுக்காரன் பண்ணியிருப்பான். அவன் இதவிட அசிங்கமா பண்ணியிருப்பான். என் கையில இருந்ததால கொஞ்சமாவது..."

"வேற எவனாவது பண்ணியிருந்தா, எவனோ ஒருத்தன் பண்ணிட்டான்னு தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பேன்டா." அவள் குரல் உயரவேயில்லை. "உன்னை நான் குளிப்பாட்டி விட்டிருக்கேன். நீ என்னை இப்படி உக்காந்து உக்காந்து செதுக்கியிருக்க. கை கூசலயா?"

கூசிற்று என்றான். முதல் பத்துப் பதினைந்து வரைக்கும் கூசிற்று. அப்புறம் அது நீ என்பதே மறந்துவிட்டது, முடிக்கவேண்டிய வேலையாகிவிட்டது, ராத்திரி வீட்டுக்குப் போய் உன் குரலைப் போனில் கேட்கும்போதுதான் ஞாபகம் வரும், அதனால்தான் போன் செய்வதைக் குறைத்துக்கொண்டேன் என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்று அக்காவுக்குத் தெரிந்தது. பொய்யாக இருந்திருந்தால் தேவலை.

நாற்பத்தாறைத் திறக்கச் சொல்லவில்லை. அதைத்தான் வாசலிலேயே பார்த்தாயிற்றே.

அப்போதுதான் குழுத் தலைவி வந்தாள். ஐம்பது வயது தாண்டியவள், கண்ணாடியைத் தலைமுடியில் செருகியிருந்தாள், கையில் ஆறிப்போன காபி. தூக்கம் கெட்ட கண். நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து வந்தவள், அக்காவின் முகத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். திரையில் முப்பத்தெட்டு இன்னும் நடந்துகொண்டிருந்தது. அவள் திரையைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள், புருவத்துத் தழும்பைப் பார்த்தாள்.

மிரட்டுகிற குரல் இல்லை. பதமாகத்தான் கேட்டாள், ஆபீஸ் பாஷையில். "இவங்க யாரு? உனக்கு உறவா?"

இதைவிட வாட்டமாகக் கதவை யாரும் திறந்துவிட முடியாது. ஆமாம் என்று ஒரு சொல் போதும், மீதியை அவளே கேட்டு வாங்கிக்கொள்வாள். அக்கா தம்பியின் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அவன் பயந்துவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். பல் டாக்டரிடம் அவனைக் கூட்டிப்போனபோது செய்ததுபோலவே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்துக் காத்திருந்தாள்.

பக்கத்து இருக்கைகளில் இரண்டு மூன்று தலைகள் உயர்ந்தன.

"இல்ல" என்றான் தம்பி. "தெரிஞ்சவங்க. ஆபீஸ் பாக்கணும்னு ஆசைப்பட்டாங்க."

"இவ்வளவு ஒத்துமையா?"

"எனக்கே இப்பத்தான் உறைக்குது" என்று சொல்லிச் சிரித்தான். அக்காவுக்கு அந்தச் சிரிப்பு தெரியாது. ஆபீஸில் கற்றுக்கொண்ட சிரிப்பாக இருக்க வேண்டும்.

தலைவி இன்னும் நம்பவில்லை. அக்காவிடம் நேராகவே கேட்டாள், உங்களுக்கு இதில் ஏதாவது வருத்தம் உண்டா, இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள் என்று. தம்பியின் முழங்கால் மேசைக்கு அடியில் நடுங்கியதை அக்கா பார்த்தாள். அவன் மூன்று வயதில் குளிர்காய்ச்சலில் நடுங்கியபோது ஒரு பகல் முழுக்க அந்தக் காலை அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். இப்போதும் அவள் கை தானாகத்தான் போயிற்று. பாதி வழியில் நிறுத்திக்கொண்டாள்.

வாயை நிறுத்த முடியவில்லை.

"நிறைய பேர் சொல்றாங்க, அவ ஜாடைன்னு" என்றாள் அந்தப் பாஷையிலேயே. "எனக்கென்ன வருத்தம். எனக்கும் இவருக்கும் சும்மா பழக்கம்தான்."

தம்பியை இவர் என்றாள். தலைவி அக்காவின் கையைக் குலுக்கி, திங்கட்கிழமைக்கு அப்புறம் தெருவில் உங்களை எல்லாரும் நிறுத்தப்போகிறார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் காபியோடு போய்விட்டாள். உயர்ந்த தலைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன.

தெருவுக்கு வந்தபிறகு தம்பிக்கு மூச்சு வந்தது. பேச்சும் சேர்ந்து வந்தது. பஸ் நிறுத்தம் வரைக்கும் பின்னாலேயே வந்துகொண்டு பேசினான். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நாக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது, வேண்டுமென்று சொல்லவில்லை என்றான். நீ காப்பாற்றிவிட்டாய், நீ எப்பவுமே இப்படித்தான் என்றான். ஒரு மாதம் போகட்டும், பரபரப்பு அடங்கட்டும், யார் காதும் அறியாமல் அந்த இன்னொரு முகத்தை நானே வைத்துவிடுகிறேன் என்றான். ஒரு மாதம் என்பது ரொம்ப நாளில்லை என்றான். அவள் நிறுத்தத்து இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ் வரும் திக்கையே பார்த்திருந்தாள். எதிர்ச் சாரியில் ஒருவர் நாயைக் கூட்டிக்கொண்டு போனார். சாயங்கால ஷிப்டுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. பதினாலு பையிலும் சாமான் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், கையுறை தீர்ந்திருக்கும்.

"திட்டவாவது திட்டுக்கா" என்றான் தம்பி. அவன் கண்ணில் நீர் கோத்திருந்தது. "அக்கா. இங்க பாரேன். அக்கா."

பஸ் வந்து நின்று கதவு திறந்தது. அவள் படியில் ஒரு காலை வைத்தபிறகுதான் திரும்பினாள். தழும்பு வெட்டிய புருவத்துக்குக் கீழே அவள் கண் வறண்டு கிடந்தது.

"இனிமே என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடு."